மெல்லாடை நெய்வோர் இல்லங்களில்

புயல் கரையைக் கடந்த மறுநாள் நாளேடுகள் எல்லாவற்றையும் எண்ணிச் சொல்கின்றன. காற்றின் வேகம் இத்தனை, பெய்த மழை இத்தனை, சாய்ந்த மரங்கள் இத்தனை, இருளில் மூழ்கிய ஊர்கள் இத்தனை என்று கணக்குத் தருகின்றன. அக்கணக்கு வேண்டியதே. ஆயினும் அதே இரவில் ஒரு தாய் தன் பழைய புடைவையை நான்காக மடித்துக் குழந்தைக்குப் போர்வையாக்கியதை எந்த ஏடும் எண்ணுவதில்லை. இருந்த ஒரு குவளைக் கஷாயத்தை இருவர் பகிர்ந்து பருகியதையும் எவரும் எழுதுவதில்லை. குடும்ப வாழ்க்கையோ பெரும்பாலும் இத்தகைய எண்ணப்படாத சிறுநிகழ்ச்சிகளால் ஆனது. இறைவன் நம்மைத் தேடி வருவதும் பல வேளைகளில் இந்தச் சிறு வாயில் வழியாகவே.

பெரிய காஞ்சிபுரத்தில் 2022ஆம் ஆண்டு டிசம்பர் 10, 11 ஆகிய சனி, ஞாயிறு இரு நாள்களில் நிகழ்ந்த சிலவற்றை இங்கே எழுத முற்படுகிறேன். சம்பந்தப்பட்ட குடும்பத்தார் பெயரின்றி எழுத இசைவு தந்துள்ளனர். இவை பெருஞ்செயல்கள் அல்ல. ஆனால் திருவருகைக் காலத்தின் பொருளை எனக்கு இவற்றைப் போல் தெளிவாக உணர்த்தியவை சிலவே.

குளிர் வந்த வழி

அவ்வாண்டு வங்கக் கடலில் தோன்றிய புயலுக்கு ‘மாண்டஸ்’ என்று பெயர். ஐக்கிய அரபு அமீரகம் தந்த பெயர் அது. அரபு மொழியில் செல்வம் வைக்கும் பெட்டியைக் குறிக்கும். டிசம்பர் 9 வெள்ளி நள்ளிரவையொட்டி, மணிக்கு ஏறத்தாழ 70 கிலோமீட்டர் வேகக் காற்றுடன் மாமல்லபுரம் அருகே அது கரையைக் கடந்தது. பின்னர் வலுக் குறைந்து உள்நாட்டை நோக்கி நகர்ந்தபோது காஞ்சிபுரத்தில் பெருமழை கொட்டியது.

மழையைவிட மக்களை மிகுதியாக வாட்டியது குளிர். கதிரவனை மேகம் மறைத்தது. வடக்கிலிருந்து ஈரக்காற்று ஓயாது வீசியது. உதகையிலும் கொடைக்கானலிலும் வாழ்வோர் நம் குளிரைக் கேட்டால் நகைப்பர். ஆயினும் ஆண்டில் ஒன்பது மாதம் வெயிலில் வாழும் ஊருக்கு, ஒழுகும் கூரையின்கீழ் ஈரத்தரையில் படுப்பவருக்கு, அது கடுங்குளிரே. வெள்ளியன்றே பள்ளிகள் மூடப்பட்டன. இரவில் மின்சாரம் நின்றது. அவ்வாரச் செவ்வாயன்று கார்த்திகைத் தீபத்திற்கு ஏற்றிய அகல்கள் பல திண்ணைகளில் இன்னும் அடுக்கியிருந்தன. அவையே அவ்விரவில் மீண்டும் எண்ணெய் பெற்று எரிந்தன. சிவன் கோயில் தெருவானாலும் கிறிஸ்தவக் குடும்பம் வாழும் சந்தானாலும் அன்றிரவு எல்லா வீட்டிலும் ஒரே வகை விளக்கு.

சனிக்கிழமை விடியற்காலையில் சுக்கும் மிளகும் இடிக்கும் ஓசை பல வீடுகளிலும் கேட்டது. காஞ்சிபுரம் இட்டலியிலேயே மிளகும் சுக்கும் சீரகமும் சேர்க்கும் ஊர் இது. குளிருக்கு மருந்து அடுக்களையிலேயே உண்டு.

தறிக்குழியும் மழையும்

மழை எல்லோரையும் ஒன்றுபோல் நனைப்பதில்லை. இவ்வூரில் அது முதலில் நெசவாளர் வயிற்றை நனைக்கிறது. வெளியூர் வாசகர்க்காக இதனைச் சற்று விளக்க வேண்டும்.

பிள்ளையார்பாளையம் போன்ற பகுதிகளில் இன்றும் குழித்தறிகள் உண்டு. நெசவாளர் தரைமட்டத்தில் அமர்ந்து, கால்களைக் குழிக்குள் தொங்கவிட்டு, மிதிகளை மாற்றி மாற்றி மிதித்து நெய்கிறார். நெய்த பகுதி அவர் மடியருகே உள்ள படைமரத்தில் சுற்றப்படுகிறது. அது தரையிலிருந்து அதிக உயரத்தில் இருப்பதில்லை. உடலும் கரையும் வெவ்வேறு நிறமாக வரும் கோர்வைப் புடைவைக்கு மூன்று நாடாக்கள் வேண்டும்; உடன் துணைக்கு ஒருவரும் வேண்டும். ஒரு பாவில் பொதுவாக மூன்று புடைவைகள் நெய்யலாம். வேலைப்பாட்டைப் பொறுத்து ஒரு புடைவைக்குப் பத்து முதல் இருபது நாள்கள் செல்லும். இத்துணை உழைப்பின் மதிப்பைக் கருதியே காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு 2005-06ஆம் ஆண்டில் வழங்கப்பட்டது.

மழைக்காலத்தில் இத்தொழில் முடங்குகிறது. தெருவில் பாவை நீட்டிக் கஞ்சியிட்டு உலர்த்த இயலாது. ஈரக்காற்றில் பட்டிழை தளர்ந்து ஒன்றோடொன்று ஒட்டும். ஈரம் தொடர்ந்தால் சரிகையின் வெள்ளி கறுக்கும். குழியில் நீர் ஊறினால் நெய்யவே அமர முடியாது. நெய்யாத நாளுக்குக் கூலி இல்லை. தை மாதத் திருமணங்களுக்குப் புடைவை கேட்கும் காலமும் இதுவே என்பதால், வேலை மிகும் நேரத்தில்தான் மழையும் வருகிறது.

கைத்தறியாளர் துயர் இவ்வூருக்குப் புதிதன்று. 1909ஆம் ஆண்டு இங்கே பிறந்த அறிஞர் அண்ணா, 1953ஆம் ஆண்டில் கைத்தறித் தொழில் நெருக்கடியுற்ற வேளையில் துணிகளைச் சுமந்து சென்று தெருவில் விற்றதைப் பலரும் அறிவர். அதன்பின் கூட்டுறவுச் சங்கங்கள் பெருகின. அரசின் உதவிகள் வந்தன. ஆயினும் குழிக்குள் புகும் மழைநீர் எந்த ஆணைக்கும் கட்டுப்படுவதில்லை.

மணல் மூட்டைகள்

நம் பங்கைச் சேர்ந்த ஒரு குடும்பம் நெசவாளர் வாழும் சந்து ஒன்றில் குடியிருக்கிறது. கணவர் ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் பணிபுரிகிறார். மனைவி வீட்டிலேயே தையல் வேலை செய்கிறார். கிறிஸ்துமசுக்கும் தைத் திருமணங்களுக்கும் வந்த இரவிக்கைத் துணிகள் அவ்வீட்டில் கட்டுக்கட்டாக இருந்தன. வெள்ளி மாலை மழை வலுத்தபோது கணவர் ஐந்து மணல் மூட்டைகளைக் கொண்டுவந்து, வாசலையொட்டிச் சாய்வாக அடுக்கினார். தெருநீர் தம் வீட்டில் நுழையாமல் விலகி ஓடும் என்பது அவர் கணிப்பு. கணிப்புப் பலித்தது. விலகிய நீர் எதிர்வீட்டிற்குள் சென்றது.

எதிர்வீட்டில் ஒரு குழித்தறி உண்டு. அறுபது கடந்த நெசவாளர், அவர் மனைவி, மகன் ஆகிய மூவர் வாழும் வீடு அது. தறியில் அரக்கு நிறக் கோர்வைப் புடைவை பாதிக்கு மேல் நெய்யப்பட்டிருந்தது. இரவு பத்து மணி முதல் தந்தையும் மகனும் குழிநீரைக் குடத்தால் இறைத்துக் கொட்டினர். இறைக்க இறைக்க நீர் வந்தது. அதிகாலை நான்கு மணிக்குக் குழி நிறைந்து, படைமரத்திற்கு ஒரு சாண் கீழே நீர் நின்றது. நெய்த பகுதியின்மேல் பாலிதீன் தாளைச் சுற்றிவிட்டு அம்மூதாட்டி அதனைக் கைகளால் தாங்கிக்கொண்டு அமர்ந்திருந்தார்.

விளக்கொளியில் அதனை எதிர்ச்சாளரம் வழியே கண்டது அத்தையற்காரப் பெண்மணியின் ஒன்பதாம் வகுப்பு மகள். தாயை எழுப்பினாள். தாய் கணவரை எழுப்பினார்.

“நம்ம மூட்டையை எடுத்தா நம்ம வீட்டுக்குள்ள தண்ணி வரும். மெஷின் இருக்கு, ஊரார் துணி இருக்கு. அவங்க கேட்டா நீ பதில் சொல்வியா?” என்றார் கணவர்.

“துணியைக் கட்டில் மேல ஏத்திடலாங்க. தறியை எங்க ஏத்துவாங்க?” என்றார் மனைவி.

வாக்குவாதம் நெடுநேரம் நடந்ததாக இருவருமே என்னிடம் கூறினர். கணவர் தீயவர் அல்லர். தன் வீட்டைக் காப்பது தந்தையின் கடமை என்றே அவர் எண்ணினார். அவ்வெண்ணத்தில் நியாயமும் இருந்தது. யாருடைய வீட்டிற்கும் நீரை அனுப்ப அவர் நினைக்கவில்லை. தம் வீட்டை மட்டும் நினைத்தார். எதிர்வீடு நனைய அதுவே போதுமாயிற்று. நம்மில் பலர் செய்யும் தீங்கு பெரும்பாலும் இவ்வகையைச் சேர்ந்தது. வெறுப்பால் விளையும் தீங்கைவிடக் கவனியாமையால் விளையும் தீங்கு மிகுதி.

இறுதியில் துணிக்கட்டுகளையும் அரிசிச் சாக்கையும் கட்டிலில் ஏற்றினர். தையல் இயந்திரத்தின் தலையைக் கழற்றி மேசைமேல் வைத்தனர். பின்னர் கணவரே வெளியே சென்று மூன்று மூட்டைகளை அகற்றி எதிர்வீட்டு வாசலில் இட்டார். அரை மணிக்குள் அவர்கள் அடுக்களையில் கணுக்கால் அளவு நீர் நின்றது. எதிர்வீட்டில் புதுநீர் வரவில்லை. நால்வர் சேர்ந்து இறைக்க, விடிவதற்குள் குழியில் பாதி வற்றியது. படைமரம் நனையவில்லை. புடைவை தப்பியது.

இதில் கடினமான பகுதி இன்னும் மீதமிருந்தது. எதிர்வீட்டார் மணல் மூட்டைச் செய்தியை அறியார். இருளில் உதவிக்கு வந்த நல்லவர்கள் என்றே கருதி நன்றி கூறினர். அந்த நன்றியை ஏற்றுக்கொண்டு திரும்பியிருக்கலாம். ஆனால் காலையில் மிளகுக் கஷாயம் எடுத்துச் சென்ற பெண்மணி, நடந்ததை நடந்தபடியே கூறிவிட்டார். நெசவாளர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, “எங்க வீட்டுல மூட்டை இருந்திருந்தா நானும் போட்டிருப்பேம்மா. எடுத்திருப்பேனான்னுதான் தெரியல” என்றாராம்.

சனி மாலையில் அப்பெண்மணி ஒப்புரவு அருளடையாளத்திற்குக் கணவரையும் அழைத்து வந்தார். அங்கு நடந்தது இறைவனுக்கும் அவர்களுக்கும் உரியது. மேற்கூறியவை அனைத்தும் அவர்கள் பிறிதொரு நாள் என் அறையில், எழுத இசைவு தந்து சொன்னவை.

வைக்கோலும் பட்டுக் கழிவும்

அதே சனிக்கிழமை பிற்பகலில் மறைக்கல்விச் சிறுவர்கள் ஆலயத்தில் குடில் அமைக்க வந்தனர். கட்டியிருந்த நட்சத்திர விளக்கைக் காற்று கிழித்திருந்தது. கொண்டுவந்த வைக்கோல் முழுவதும் நனைந்துவிட்டது. ஒரு சிறுவன், தறி வீடுகளில் வெட்டி எறியும் பட்டு நூல் கழிவைக் கொண்டுவந்து தீவனத் தொட்டியில் பரப்பலாம் என்றான். குழந்தைகளுக்கு அது மிகவும் பிடித்துவிட்டது.

உடனிருந்த முதியவர் ஒருவர் மறுத்தார். “ஆண்டவர் பட்டுமேல பொறக்கல, புல்லுமேல பொறந்தார். மாத்தாதீங்கடா” என்றார். இருதரப்பிலும் வாதம் எழுந்தது. இறுதியில் அவரே ஒரு வழி கண்டார். ஞாயிறு காலை மின்சாரம் வந்ததும் வைக்கோலைத் தரையில் விரித்து மின்விசிறியில் உலர்த்துவது; அதனால் தொட்டியை நிரப்புவது; பட்டு நூலைக் கொண்டு கிழிந்த நட்சத்திரத்தைக் கட்டுவது. அவ்வாறே செய்தனர். 1223ஆம் ஆண்டு கிரேச்சியோவில் புனித பிரான்சிஸ் அமைத்த குடிலிலும் வைக்கோல் இருந்தது என்று அம்முதியவர் சிறுவர்க்கு எடுத்துரைத்ததைக் கேட்டு மகிழ்ந்தேன்.

அந்த ஞாயிற்றின் வாசகங்கள்

டிசம்பர் 11 திருவருகைக் காலத்தின் மூன்றாம் ஞாயிறு. மகிழ்ச்சி ஞாயிறு என்பது அதன் பெயர். அன்று ஊதா நிறத்தை விடுத்து இளஞ்சிவப்புத் திருவுடை அணிகிறோம். திருவருகை வளையத்தில் இளஞ்சிவப்பு மெழுகுவர்த்தியை ஏற்றுகிறோம். குளிருக்கும் சேற்றுக்கும் அஞ்சிப் பலர் வரவில்லை. வந்தவர்கள் தலையில் துண்டும் தோளில் போர்வையுமாக அமர்ந்திருந்தனர். வீட்டில் நீர் நிற்கும் மக்களிடம் மகிழுங்கள் என்று கூறுவது எப்படி?

திருச்சபை அன்றைக்குக் குறித்திருந்த வாசகங்களே விடை தந்தன. முதல் வாசகத்தில் எசாயா, தளர்ந்த கைகளையும் தள்ளாடும் முழங்கால்களையும் உறுதிப்படுத்தும்படி பணிக்கிறார். கையாலும் காலாலும் உண்பவர் நெசவாளர். இரவெல்லாம் நீர் இறைத்த கைகளுக்கு அது உவமையன்று. இரண்டாம் வாசகத்தில் யாக்கோபு, மழைக்குக் காத்திருக்கும் உழவனின் பொறுமையைக் காட்டுகிறார். நற்செய்தியில் திருமுழுக்கு யோவான் சிறையில் இருக்கிறார். தாம் அறிவித்த மீட்பர் இவர்தாமா என்று ஆளனுப்பிக் கேட்கிறார். மகிழ்ச்சி ஞாயிறன்று நாம் வாசிப்பது சிறைப்பட்ட ஒருவரின் ஐயத்தை! மகிழ்ச்சி என்பது துன்பமில்லாதவர் நுகரும் இன்பம் என்று திருச்சபை கருதவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

அதே பகுதியில் ஆண்டவர் மக்களை வினவுகிறார். அவர்கள் பாலைநிலத்திற்குச் சென்றது காற்றில் அசையும் நாணலைப் பார்க்கவா, அல்லது மெல்லிய ஆடை அணிந்தவரைப் பார்க்கவா என்று கேட்கிறார். அத்தகைய ஆடை உடுத்துவோர் அரச மாளிகைகளில் இருப்பர் என்றும் சுட்டுகிறார். புயற்காற்று ஓய்ந்த மறுநாள், பட்டு நெய்யும் ஊரில் இவ்வாசகம் ஒலித்தபோது ஆலயத்தில் பலர் நிமிர்ந்து பார்த்தனர். மெல்லாடை உடுத்துவோர் மாளிகையில் இருக்கலாம். அதனை நெய்வோர் எங்கே இருக்கின்றனர்? ஒரு சாண் நீருக்குமேல் அதனைக் கையில் தாங்கிக்கொண்டு அமர்ந்திருக்கின்றனர். வாழ்நாள் எல்லாம் பட்டு நெய்தும் தன் மகளுக்கு ஒரு பட்டுப் புடைவை வாங்க இயலாத நெசவாளரைப் பற்றிய ‘காஞ்சிவரம்’ என்னும் திரைப்படம் 2007ஆம் ஆண்டுக்குரிய தேசிய விருதைப் பெற்றது. கைதட்டிய நாம் அதன்பின் புடைவைக்கடையில் பேரம் பேசுவதை விட்டுவிட்டோமா?

இன்னொன்றையும் கவனிக்க. யாக்கோபின் வாசகம் ஐந்தாம் அதிகாரம் ஏழாம் வசனத்தில் தொடங்குகிறது. அதற்கு மூன்று வசனங்களுக்கு முன்னர், வேலையாளுக்குக் கொடாமல் நிறுத்திய கூலி இறைவனை நோக்கிக் கூக்குரலிடுவதாக அவர் எழுதுகிறார். பொறுமையை ஏழைகளுக்குக் கற்பிப்பவர், நேர்மையை முதலில் செல்வர்க்குக் கற்பிக்கிறார். 1891ஆம் ஆண்டு திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் தொழிலாளர் குறித்து வெளியிட்ட சுற்றுமடலும் நேரிய கூலியை இரக்கமாகக் காணாமல் நீதியாகவே கண்டது.

சிறிய வழி

குளிரைப் பற்றி எழுதும்போது குழந்தை இயேசுவின் புனித தெரேசாள் நினைவுக்கு வருகிறார். 1873ஆம் ஆண்டு பிறந்து, 24ஆம் வயதில் 1897ஆம் ஆண்டு மறைந்தவர். லிசியே கார்மேல் மடத்தின் குளிர் அவரை மிகவும் வருத்தியது. முணுமுணுக்காமல் அதனைத் தாங்கினார். துணி துவைக்கையில் எதிரே நின்ற சகோதரி அழுக்கு நீரைத் தம் முகத்தில் தெறிக்கவிட்டபோது, முகத்தைத் துடைத்துக் காட்டி அவரை வெட்கப்படுத்த விரும்பவில்லை. இத்தகைய சிறுசெயல்களால் விண்ணகம் செல்லும் வழியை அவர் கற்றார். திருச்சபை அவரை 1997ஆம் ஆண்டு மறைவல்லுநராக உயர்த்தியது.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2018ஆம் ஆண்டு தூய வாழ்வு குறித்து எழுதிய திருத்தூது ஊக்கவுரையிலும் இதனையே வலியுறுத்தினார். நமக்கு அடுத்த வீட்டிலேயே புனிதர் இருக்கலாம் என்றார். கடைக்குச் சென்ற பெண் புறங்கூறும் பேச்சில் சேராமல் இருப்பதும், வீடு திரும்பிக் களைப்போடு மகனின் பேச்சுக்குச் செவிகொடுப்பதும் தூய்மைக்குரிய படிகள் என்று எடுத்துக்காட்டினார். மூன்று மணல் மூட்டைகளை அகற்றுவதையும் அவ்வரிசையில் சேர்க்கலாம் அன்றோ?

அன்புக் குடும்பத்தாரே, பின்னர் நடந்ததையும் அறிவது நலம். அந்த அரக்குப் புடைவை தை முகூர்த்தத்திற்கு முன் நிறைவுற்றது. ஆயினும் சில நாள் தாமதம் காட்டிக் கூலியில் ஒரு பகுதி பிடிக்கப்பட்டது. தையற்காரப் பெண்மணியின் அடுப்பும் ஓர் அலமாரியின் அடிப்பலகையும் பாழாயின. நன்மை செய்தவருக்கு இழப்பு நேரவில்லை என்று கதை முடிக்க எனக்கு உரிமையில்லை. மகன் இப்போது தொழிற்சாலை வேலைக்குச் செல்கிறார்; தந்தைக்குக் கோர்வையில் துணையாக அமர்பவர் தாய். ஆனால் மழைக்காலம் தொடங்குமுன் இரு வீட்டாரும் சேர்ந்து சந்தின் கால்வாயைத் தூர்வாரும் வழக்கம் அவ்வாண்டிற்குப்பின் ஏற்பட்டுள்ளது.

கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு ஆயத்தம் செய்யும் இந்நாள்களில் மூன்று காரியங்களைக் குடும்பமாக அமர்ந்து ஆராய்வோம். நம் வீட்டைக் காக்க நாம் செய்யும் ஏற்பாடு எதுவும் பிறர் வீட்டை நனைக்கிறதா? வீட்டு வேலை செய்பவர், தைப்பவர், நெய்பவர் எவருக்கேனும் நாம் தரவேண்டிய கூலி நிலுவையில் உள்ளதா? விழாவுக்குத் துணி எடுக்கும்போது, நெய்தவர் கையையும் நினைக்கிறோமா? கூட்டுறவுச் சங்கக் கடையில் உரிய விலை தந்து ஒரு கைத்தறித் துணி வாங்குவதும் ஏழை நெசவாளருக்குச் செய்யும் நல்லுதவியே.

பெத்லகேமில் ஆண்டவருக்கு இடம் தர மறுத்தவர்களும் கொடியவர் என்று நற்செய்தி கூறவில்லை. விடுதியில் இடமில்லை என்று மட்டுமே கூறுகிறது. ஒவ்வொருவரும் தம் இடத்தைக் காத்துக்கொண்டனர் போலும். இவ்வாண்டு அவர் வரும்போது நம் வாசலில் இருக்கும் மூட்டையை நாமே அகற்றி வைப்போம்.